முன்னால் வந்தால் இன்ஜினியர்

சைட் ஆபீஸ்
ஜூன் 3

என் அன்புப் பொறிக்கு,

நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இங்கே போன் எடுப்பதில்லை. குன்றின் மேல் ஏறி நின்றால் சிக்னல் ஒரு கோடு வருகிறது. ‘ஹலோ’ சொன்னதும் அதுவும் போய்விடுகிறது. ஆகவே வியாழக்கிழமை சாமான் ஏற்றி வரும் லாரிதான் நமக்குத் தபால்காரர். டிரைவர் கையில் கொடுத்துவிடு, பத்திரமாக வந்து சேரும்.

முதல்முறையாக ஒரு சைட்டுக்கு நானே பொறுப்பு. ஆபீஸ் என்றால் தகரக் கொட்டகைதான். மேசைக்கு ஒரு கால் குட்டை. பழைய வரைபடத்தை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கதவில் என் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் பெரிய ‘இ’, சிறிய ‘ஆர்’, ஒரு புள்ளி. இன்ஜினியர் என்பதன் சுருக்கம்! பதினோரு வருஷம் டிராயிங் மேசையில் முதுகு வளைந்து, சாயங்கால வகுப்பில் தூங்கி வழிந்து, முப்பத்தாறு வயதில் வாங்கிய இரண்டு எழுத்து. காலையில் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்கிறேன். சிரிக்காதே.

நம் வீட்டு கேட்டுக்கும் அதேபோல ஒரு பலகை எழுத ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மா சந்தோஷப்படுவார்.

இந்த நீராவிக் குழாய் வேலையை ஜூலை பதினாறுக்குள் முடித்து, தண்ணீர் ஏற்றி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் காட்டியாக வேண்டும். ஊரில் கம்பெனி ஒர்க்ஷாப்பில் நீ பொறி பறக்க வெல்டு செய்த குழாய்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொரு வெல்டுக்கும் பக்கத்தில் பஞ்ச் அடித்த உன் எண், 37. அதைப் பார்த்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. “என்ன சார், இரும்பைப் போய்த் தடவிக் கொடுக்கறீங்க?” என்று குழாய் பொருத்தும் பிட்டர் அண்ணன் கேலி செய்கிறார்.

மழைதான் படுத்துகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னவன்


வீடு
ஜூன் 11

அன்பான உங்களுக்கு,

கடிதம் கிடைச்சுது. சிரிக்காதேன்னு எழுதினா சிரிப்பு வராம இருக்குமா? நானும் அத்தையும் நல்லா சிரிச்சோம். அத்தை சிரிச்சது பெருமையில, நான் சிரிச்சது அந்தக் குட்டைக் கால் மேசைக்கு.

பலகை எழுதறவர் ஞாயித்துக்கிழமை வந்தார். உங்க பேரை எழுதி முடிச்சு, முன்னால அந்த ரெண்டு எழுத்தையும் புள்ளியையும் சிவப்புல வெச்சார். கீழே பாதிப் பலகை காலியா கிடந்தது.

“இங்க என் பேரையும் எழுதுங்க”ன்னேன்.

“முன்னாடி என்னம்மா போடறது?”

“முன்னாடி ஒண்ணும் வேண்டாம். பின்னாடி ‘வெல்டர்’னு போடுங்க.”

அவர் பிரஷ்ஷைக் கீழே வெச்சுட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாங்க. “வாசல்ல போய் இதை எழுதி வைக்கணுமா? வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க?”ன்னாங்க. “உங்க பிள்ளைக்கு முன்னால இருக்கற அதே ரெண்டு எழுத்துதான் அத்தை எனக்குப் பின்னால இருக்கு”ன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியலை. பலகை எழுதறவருக்குப் புரிஞ்சுது. “ஆமா இல்ல? நானும் பெயின்டர்!”னு சொல்லி என் பேருக்கு மட்டும் கூலி வாங்கலை.

ஸ்டோர் கீப்பர் மேசையில ஒரு அகராதி இருக்கு தெரியுமா, அதுல தேடிப் பார்த்தேன். அந்த ‘எர்’ ஒரு வார்த்தையோட வாலுல ஒட்டினா மூணு வேலை செய்யுமாம். ஒண்ணு, ஒரு காரியத்தைச் செய்யறவங்க: வெல்டர், பிட்டர், டிரைவர். ரெண்டு, காரியம் செய்யற கருவி: கிரைண்டர், கட்டர், நான் வெல்டிங் ராடு மாட்டற ஹோல்டர். மூணாவது, ஒண்ணை விட ஒண்ணு கூடுதல்னு சொல்றது: ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கர். முன்னால போட்டு புள்ளி வெச்சா இன்ஜினியர்ங்கறதை அகராதியில காணோம். நம்மாளுங்களே கண்டுபிடிச்சுக்கிட்டது போல. நம்ம மொழியிலயும் கடைசியில ‘ர்’ வந்தாத்தானே மரியாதை? அவன்னா யாரோ, அவர்னா பெரியவர். அப்படிப் பார்த்தா வெல்டருக்கு மரியாதை உள்ளேயே வெச்சிருக்கு.

கோவிச்சுக்காதீங்க. உங்க ரெண்டு எழுத்து எனக்கும் பெருமைதான். அதுல ஒரு எழுத்து என்னோட ஓவர்டைம்.

மழைன்னு எழுதியிருந்தீங்க. ராடுகளை ஓவன்ல சூடு பண்ணாம யாரையும் தொட விடாதீங்க. ஈர ராடுல வெச்ச வெல்டு வெளியில அழகா காட்டும், உள்ளே பொத்தலா இருக்கும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்றேன்.

உங்கள் பொறி


சைட் ஆபீஸ்
ஜூன் 25

என் அன்புப் பொறிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை. ஆனால் அந்தப் பலகை விஷயத்தில் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் சீஃப் இன்ஜினியர் அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கீழ்வரியைப் பெயின்ட் அடித்து மூடிவிடு. உன் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வேலை ஷாப்பில் இருக்கட்டும், வாசலில் எதற்கு?

இங்கே நிலைமை சொல்லும்படி இல்லை. எங்கள் வெல்டர் காய்ச்சலில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு குழாய் நாலு விரல் நீளம் அதிகமாக வந்து, இடத்தில் உட்காரவில்லை. எப்படியோ சமாளித்துவிட்டேன். தேதி தேதி என்று மேலிருந்து தினமும் குடைச்சல். ஒரு இன்ஜினியர் என்றால் சமாளிக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உன்னவன்


வீடு
ஜூலை 23

உங்களுக்கு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பிட்டர் அண்ணனைச் சனிக்கிழமை இங்க இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. நான் ஷாப்புல இருந்து அப்படியே ஓடினேன். வாசல்ல சிவப்பு விளக்குல ரெண்டு எழுத்து, இ, ஆர். ஒரு நிமிஷம் எனக்கு மூளை ஓடலை, உங்க பேர்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அவசர சிகிச்சைப் பிரிவாம். அண்ணி வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

ஏன் திருப்பிக்கிட்டாங்கன்னு திங்கட்கிழமைதான் புரிஞ்சுது. நோட்டீஸ் போர்டுல உங்க ரிப்போர்ட்டோட நகல். பிரஷர் டெஸ்ட்டுல பதினாலாம் இணைப்பு பிளந்து, குழாய் எகிறி, பிட்டரோட கால்ல அடிச்சுது. காரணம், வெல்டு உள்ளே ஒட்டலை. வெல்டர் எண் 37. அதுக்குக் கீழே என்னை வேலைக்கு வர வேண்டாம்னு தனியா ஒரு தாள். ரிப்போர்ட்டுல கையெழுத்து உங்களோடது. பேருக்கு முன்னால அந்த ரெண்டு எழுத்தும், புள்ளியும்.

நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி தடுத்தாங்க. அண்ணன்தான், “விடு, அவளை உள்ளே விடு”ன்னார். முட்டிக்குக் கீழே கட்டு. கால் தங்குமான்னு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் சொல்வாங்களாம்.

“அண்ணே, நான் வெச்ச வெல்டா பிளந்துச்சு?”ன்னு கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். “நீ வெச்சதை வெட்டிட்டோம்மா. நீளம் ஜாஸ்தின்னு சார்தான் வெட்டச் சொன்னார். வெல்டர் இல்லை. கிரைண்டர் ஓட்டறவர் இருந்தார், அவருக்குக் கொஞ்சம் வெல்டிங் தெரியும்னு சார் சொன்னார். அவர் கையில ராடைக் கொடுத்து வெக்கச் சொன்னார். தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். மழை ஊத்துது. வெல்டுக்கு எக்ஸ்ரே எடுக்கலையா சார்னேன். நேரமில்லைன்னார். உன் நம்பர் பக்கத்து வளைவுத் துண்டுல, அந்த எல்போ மேல அப்படியே இருந்துச்சு.”

நீங்க எழுதின ‘நாலு விரல் நீளம்’ இதுதானா? ‘எப்படியோ சமாளிச்சேன்’ இதுதானா?

அந்த ரிப்போர்ட்டை நீங்க எழுதினீங்களா, யாரோ எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாங்களா? இது ஒண்ணுக்கு மட்டும் பதில் எழுதுங்க. நான் உங்களைத் திட்டறதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்கணும்.

பொறி


சைட் ஆபீஸ்
ஜூலை 30

என் பொறிக்கு,

நான்தான் எழுதினேன்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். அந்தக் குழாய் எகிறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். எல்போவில் 37 என்று இருந்தது. எழுதினேன். எழுதும்போது அது ஒரு எண்ணாகத்தான் தெரிந்தது.

நிதானமாக யோசித்துப் பார். நான் வெட்டச் சொன்னதும், தெரியாத ஆளை வைத்து வெல்டு வைத்ததும் வெளியே வந்தால் எனக்கு இனி எந்த சைட்டும் கிடையாது. பெயருக்கு முன்னால் இருப்பது போனால் திரும்ப வராது. பதினோரு வருஷம் பொறி! உனக்குத் தெரியாதா? நீ வெல்டர்தானே? இந்தக் கம்பெனி இல்லையென்றால் இன்னொரு கம்பெனி. கை இருக்கிறது, வேலை இருக்கிறது. இல்லை, வேலையே வேண்டாம். புகையும் சூடும் போதும், வீட்டில் இரு. உன்னை உட்கார வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். பிட்டர் அண்ணனுக்கும் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி விசாரணை. உன்னைக் கேட்டால், ‘அன்றைக்கு உடம்பு சரியில்லை, கவனம் தவறிவிட்டது’ என்று ஒரே ஒரு வரி சொல். அதோடு முடிந்துவிடும். நமக்காகக் கேட்கிறேன்.

உன்னவன்


வீடு
ஆகஸ்ட் 6

உங்களுக்கு,

‘வெல்டர்தானே’ன்னு எழுதியிருக்கீங்க. அந்த ‘தானே’வை மூணு நாளா மென்னுக்கிட்டிருக்கேன், முழுங்க முடியலை.

முகமூடிக்குள்ளே குனிஞ்சு, கழுத்துல பொறி விழுந்தாலும் கையை ஆட்டாம, ஒரு ராடு தீர்ற வரைக்கும் மூச்சைக் கூட அளந்து விடறேன். ஏன்னா நான் கையை எடுத்ததுக்கு அப்புறம் அந்தக் குழாய் பக்கத்துல யாரோ நிற்பாங்க. ஒன்பது வருஷத்துல 37 போட்ட ஒரு வெல்டு எக்ஸ்ரேயில திரும்பி வந்ததில்லை. அந்த நம்பர்தான் என் பேரு. அதை நீங்க எடுத்து உங்க தப்பு மேல ஒட்டியிருக்கீங்க. எழுதும்போது வெறும் எண்ணாத் தெரிஞ்சுதாம்! ஜூன் மாசம் அதே எண்ணைத் தடவிக் கொடுத்தவர் யாரு?

உடம்பு சரியில்லைன்னு சொல்லணுமா? எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. கவனமும் நல்லாத்தான் இருக்கு. சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணும் கேளுங்க. உடைஞ்ச துண்டு போன வாரம் திரும்பின லாரியில வந்துடுச்சு. போர்மேன் என்னை ஷாப்புக்குள்ள விடலை, ஆனா துண்டை கேட்டுக்கு வெளியில எடுத்துட்டு வந்து காட்டினார். ஷாப்புல நான் குழாயை ரோலர் மேல உருட்டி உருட்டி வெல்டு வைக்கறேன். அதனால வெல்டு மேல இருக்கற அலை மாதிரிக் கோடு சுத்தி வர ஒரே பக்கமா ஓடும், மோதிரம் மாதிரி. இந்தத் துண்டுல அலை அடியில ஆரம்பிச்சு, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியா மேல ஏறி உச்சியில வந்து முட்டுது. அசையாம நிக்கற குழாய்க்குக் கீழே மல்லாந்து படுத்துத்தான் இப்படி வைக்க முடியும். சைட்டுல வெச்ச வெல்டுன்னு அது தானே சொல்லுது. போர்மேன் விரலால ஒரு தடவை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான், “அடப்பாவி”ன்னு ஒரு வார்த்தை சொன்னார்.

பதினாலாம் தேதி அதைக் கொண்டுபோய் மேசை மேல வைக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வழி விடறேன். அடுத்த வியாழக்கிழமை பதிமூணு. லாரியில ஏறி வாங்க. விசாரணையில நீங்களே சொல்லுங்க. நான் உங்க பக்கத்துல நிற்பேன். யார் என்ன பேசினாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தப்புப் பண்ணினவரோட என்னால வாழ முடியும். அதை என் மேல எழுதினவரோட முடியாது.

உட்கார வெச்சுப் பார்த்துக்கறேன்னு இனி எழுதாதீங்க. நான் நின்னே வேலை பார்த்தவ.

வெல்டர், எண் 37


சைட் ஆபீஸ்
ஆகஸ்ட் 11

பொறி,

தனி வண்டியில் ஆள் அனுப்பி இதைக் கொடுத்துவிடுகிறேன். நான் வரவில்லை. என்னால் முடியாது. அந்த அறையில் சீஃப் முன்னால் நின்று அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அந்தத் துண்டை நீ மேசைமேல் வைத்தால் நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை. எந்த முகத்தோடு வருவேன்?

முடிவு உன் கையில்.


சைட்
ஆகஸ்ட் 28

உங்களுக்கு,

இதை உங்க ஆபீஸ்ல, அந்தக் குட்டைக் கால் மேசையில உட்கார்ந்துதான் எழுதறேன். நீங்க நேத்து மதியமே கிளம்பிட்டதா வாட்ச்மேன் சொன்னார். எங்க லாரி ஏத்தத்துல ஏறும்போது ஒரு ஜீப் எதிர்ல இறங்குச்சு. அதுலதான் இருந்திருக்கீங்க. நீங்க என்னைப் பார்த்தீங்களா? நான் வெளியில பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். எனக்குத் தெரியலை.

நடந்ததை வேற யார் வாயாலயும் நீங்க கேட்க வேண்டாம். அதனால எழுதறேன்.

விசாரணை அறையில சீஃப், இன்சூரன்ஸ்ல இருந்து ஒருத்தர், மேனேஜர், நான். துண்டைச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனேன். மேசை மேல வெச்சதும் கண்ணாடி டம்ளர் எல்லாம் ஆடுச்சு.

“இதை உள்ளே கொண்டு வர உனக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?”ன்னு மேனேஜர் கேட்டார்.

“என் நம்பர் போட்ட சாமான் சார். நான்தான் கொண்டு வரணும்”னேன்.

அலையைக் காட்டினேன். உடைஞ்ச துண்டோட ஒட்டியே வந்த, ஷாப்புல நான் வெச்ச பதிமூணாம் இணைப்பைப் பக்கத்துல வெச்சுக் காட்டினேன். ரெண்டையும் போர்மேன்தான் வெட்டி எடுத்துக் கொடுத்தார், அவருக்கும் வேலை போகும்னு தெரிஞ்சேதான். பதினாலுக்கு ஷாப்புல எடுத்த எக்ஸ்ரே படத்தையும் கேட்டேன். எடுத்து விளக்குல பிடிச்சாங்க. சுத்தமா இருந்துச்சு. சீஃப் படத்தைக் கீழே வெச்சார். அப்புறம், “ரிப்போர்ட் எழுதினது உங்க கணவர்னு தெரிஞ்சுமா இதைக் கொண்டு வந்தீங்க?”ன்னார்.

“37 என் பேர்னு தெரிஞ்சும்தானே சார் அவர் எழுதினார்?”

அவ்வளவுதான் நான் பேசினது. அழலை. வெளியில வந்து தண்ணி குடிச்சேன்.

என் மேல போட்ட தாளைத் திரும்ப வாங்கிட்டாங்க. பிட்டர் அண்ணனுக்கு வைத்தியச் செலவும் சம்பளமும் முழுசா கொடுக்கறதா எழுதிக் கொடுத்தாங்க. கால் தங்கிடுச்சு. முட்டி மடங்காதாம், இனி ஏணி ஏற முடியாது. அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்களை சைட்ல இருந்து எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுல எனக்குச் சந்தோஷம் இல்லை. நீங்க படிச்ச படிப்பை யாரும் பிடுங்கலை, அது உங்களோடதுதான்.

அத்தைகிட்ட எல்லாத்தையும் நானே சொன்னேன். நாலு நாள் என்னோட பேசலை. நான் வீட்டை விட்டுப் போகணும்னு சொல்வாங்கன்னு நினைச்சேன். அஞ்சாம் நாள், “அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?”னு கேட்டாங்க. முட்டி வலியோட தனியா போயிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கலை. வந்து, “அவன் இன்னும் போய்ப் பார்க்கலையாமே”ன்னு மட்டும் சொன்னாங்க. இப்ப என்னோடதான் இருக்காங்க. இருக்கற வரைக்கும் நான் பார்த்துப்பேன். அது உங்களுக்காக இல்லை.

பதினாலாம் இணைப்பைத் திரும்ப வைக்க யாரை அனுப்பறதுன்னு பேச்சு வந்தப்ப நான் கையைத் தூக்கினேன். “கஷ்டமான இடம், மல்லாந்து படுத்து வைக்கணும்”னு மேனேஜர் சொன்னார். படுத்தேன். காலையில ராடுகளைச் சூடு பண்ணி, குழாயைச் சூடு பண்ணி, கீழேயிருந்து ரெண்டு பக்கமும் ஏத்திக்கிட்டு வந்து உச்சியில சேர்த்தேன். காது மடல்ல ஒரு பொறி விழுந்து கொப்புளம். எக்ஸ்ரே எடுத்தாங்க. நல்லா வந்துச்சு. அப்புறம் 37 அடிச்சேன்.

வீட்டுக்கு வர மாட்டேன்னு எழுதினீங்க. சரி. முடிவு என் கையிலன்னும் எழுதினீங்க. அது பொய். உங்க முடிவை நீங்க எடுத்தீங்க, என் முடிவை நான் எடுத்தேன். உங்க துணிமணியும் புத்தகமும் ரெண்டு பெட்டியில கட்டி உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். இந்தக் கடிதமும் அங்கதான் வருது. என்னைத் தேடி வரணும்னு என்னைக்காவது தோணினா, முதல்ல பிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போங்க. அவர் முன்னால உட்கார்ந்து, யார் வெட்டச் சொன்னதுன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் நான் கதவைத் திறப்பேனான்னு இப்ப எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்.

மத்தியானம் பிரஷர் டெஸ்ட் வெச்சாங்க. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னாங்க. நான் அழுத்தம் காட்டற கேஜ் பக்கத்துலயே நின்னேன். தண்ணி ஏறினதும் குழாய் ஒரு தடவை முனகுச்சு. முள் மேல போய், டெஸ்ட்டுக்குக் குறிச்சு வெச்ச சிவப்புக் கோட்டுல நின்னுச்சு. அரைமணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். அசையலை.

இப்படிக்கு
நான்